திரையில் பேர் வரக்கூடாது

“மைக் மட்டும் மாட்ட வேண்டாம்மா” என்றார் ஜெபராஜ்.

வெண்ணிலா டேஷ்போர்டுக்குள் விட்டிருந்த தலையை வெளியே எடுத்தாள். சேலையூர் கேம்ப் ரோட்டில் கார் ஸ்டீரியோ மாட்டுகிற கடை அவளுடையது. பதினோரு வருஷத்தில் இப்படி ஒருத்தரும் கேட்டதில்லை.

“இன்னா சார் சொல்றீங்க? மைக்கு செட்டுகூடவே வருது. அத மாட்னாதான் வண்டி ஓட்டிக்கினே போன் பேசலாம்.”

“பேச வேண்டாம். பாட்டு, மேப், ரிவர்ஸ் கேமரா, இது போதும். எனக்கு போன் வந்தா இவ்ளோ பெரிய திரையில பேர் வரக்கூடாது. குரல் ஸ்பீக்கர்ல கேக்கக்கூடாது.”

“யாரு பேரு சார்?”

“யார் பேரும்.”

ஜெபராஜ் பள்ளிக்கூடத்தில் பிசிக்ஸ் வாத்தியார். இஸ்திரி கலையாத சட்டை, பாக்கெட்டில் இரண்டு பேனா, சாந்தமான முகம். இந்த மாதிரி ஆளைத்தான் நம்பவே கூடாது என்று வெண்ணிலா அப்போதே முடிவு கட்டிவிட்டாள்.

“வண்டில வூட்டம்மா வருவாங்களா சார்?”

“வருவாங்க. கூட வேலை பார்க்கிற டீச்சர்ஸும் வருவாங்க. அதனாலதான் சொல்றேன்.”

“அது சரி!”

அவளுக்கு மனசில் எதையும் வைத்துக்கொள்ளத் தெரியாது. பழைய செட்டைக் கழற்றியபடியே ஆரம்பித்துவிட்டாள்.

“தப்பா எடுத்துக்காதீங்க சார். மடியில கனம் இருக்கிறவங்கதான் இதெல்லாம் கேப்பாங்க. எங்க வூட்டுக்காரர எடுத்துக்கோங்க. திருமுடிவாக்கத்துல வெல்டரு. வார கூலி கைக்கு வந்தா நேரா ஒயின்ஷாப்புதான். இப்ப எட்டு மாசமா ஒரு சொட்டு தொடல. எப்படின்னு கேளுங்க.”

“எப்படிம்மா?”

“எல்லாம் இந்த வாய்தான். வுடாம கத்துனேன். ஆம்பளைங்கள கேள்வி கேட்டுக்கினே இருக்கணும் சார். சும்மா வுட்டா பேஜார்தான்.”

ஜெபராஜ் ஒரு நிமிஷம் அவளையே பார்த்தார். பிறகு சிரித்தார்.

“பெரிய விஷயம்மா. உங்க வாய்க்கு ஒரு கும்பிடு.”

ஜாடையாகக் குத்தியும் ஆளுக்குக் கோபம் வரவில்லையே! சந்தேகம் அவளுக்கு இன்னும் கூடியது.

வேலையில் மட்டும் யாரும் குறை சொல்ல முடியாது. கார் கம்பெனி ஒயரில் ஒன்றைக்கூட அவள் வெட்டவில்லை. ஒயர் முனையில் இருக்கும் கப்ளரில் புது செட்டின் கப்ளரைச் செருகினாள். மஞ்சள் ஒயரை பேட்டரி லைனுக்கும் சிவப்பை சாவி லைனுக்கும் கொடுத்தாள். நாற்பதே நிமிஷத்தில் புது செட் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது.

“போன குடுங்க சார். பாட்டு போட்டு நாலு ஸ்பீக்கரும் பாத்துட்டு, கால் வர்றத நிறுத்திடறேன். நீங்க எதிர்ல போயி டீ குடிச்சிட்டு வாங்க.”

ஜெபராஜ் மணியைப் பார்த்தார். ஐந்துகூட ஆகவில்லை.

“அஞ்சரைக்கு எனக்கு ஒரு போன் வரும். அதுக்குள்ள குடுத்துடுங்கம்மா.”

“குடுத்துடறேன் சார். உங்க போன வச்சிக்கினு நான் இன்னா பண்ணப் போறேன்?”

அவர் ரோட்டைத் தாண்டினார். பாட்டு நாலு ஸ்பீக்கரிலும் சுத்தமாகக் கேட்டது. செட்டிங்கைத் திறக்கப் போனபோது பாட்டு நின்று போன் மணி அடித்தது. திரையில் கொட்டை எழுத்தில் ஒரு பேர்.

‘சனிக்கிழமை’.

வெண்ணிலாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கிழமைக்கு ஒருத்தியா? அந்த மகராசி யாரென்று பார்த்துவிடலாம். மைக்தான் மாட்டவில்லையே, தான் மூச்சு விடுவதுகூட அந்தப் பக்கம் கேட்காது. பச்சை பட்டனைத் தொட்டாள்.

“சார்...”

ஆம்பளைக் குரல்.

“சார், இன்னிக்கு சீக்கிரமே கூலி குடுத்துட்டாங்க. வேணாம் வேணாம்னு சொல்லிக்கினே ஒயின்ஷாப் வாசலுக்கு வந்துட்டேன் சார். எட்டு மாசமா சனிக்கிழமைக்கு சனிக்கிழமை நீங்கதான் பேசிப் பேசி வூட்டாண்ட அனுப்பினீங்க. இன்னிக்கும் எதுனா பேசுங்க சார். அவ திட்டித்தான் நான் திருந்துனேன்னு எம் பொண்டாட்டி எல்லார்கிட்டயும் பெருமையா சொல்லிக்கினு கீறா. நானும் ஆமான்னு சொல்லிக்கினு கீறேன். இப்ப குடிச்சிட்டுப் போனா அவ மூஞ்சில எப்படி சார் முழிப்பேன்?”

அவள் புருஷன் சக்தியின் குரல். கார் முழுக்க அதுதான் கேட்டது.

“சார்? கேக்குதா சார்? லைன்ல கீறீங்களா?”

வெண்ணிலா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். இங்கே என்ன கத்தினாலும் அங்கே கேட்காது என்று அப்போதுதான் உறைத்தது. பதில் வராத போனைப் பிடித்துக்கொண்டு அந்த மனுஷன் இன்னும் எத்தனை நிமிஷம் வாசலிலேயே நிற்பான்?

சாவியைத் திருகி செட்டை அணைத்தாள். பேச்சு போனுக்கு மாறியது. தன் குரல் கேட்காதபடி போனின் அடிப்பக்கத்தை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, வருகிற வண்டியைக்கூடப் பார்க்காமல் ரோட்டின் குறுக்கே ஓடினாள்.

திரும்பிப் பார்த்த ஜெபராஜுக்கு முகம் வெளுத்துவிட்டது. கையிலிருந்த டீ சட்டையில் சிந்தியது.

“என்னம்மா? குரல் ஏதாவது கேட்டுதா?”

“ஒண்ணும் கேக்கல சார். யாருன்னே எனக்குத் தெரியாது” என்றாள். அழுகையை அடக்க முடியவில்லை. பொத்திய கையை எடுக்காமலே போனை அவர் கையில் திணித்தாள்.

“நின்னுக்கினு இருக்காதீங்க, பேசுங்க சார். அவரு வூடு போய்ச் சேர்ற வரைக்கும் வச்சிடாதீங்க.”