தலைமாட்டில் அழைக்கும் பெயர்

"பையனோட அம்மா பேரு என்னம்மா?" என்று கதவுக்கு வெளியே நின்று ஹஜ்ரத் கேட்டார்.

சபுரா கதவை ஒருக்களித்துப் பிடித்தபடி நின்றாள்.

செல்லூரில் அவள் வீட்டுச் சந்து இரண்டு பேர் சேர்ந்து நடக்க முடியாதது. அதற்குள்தான் மய்யித்தை அடக்கத்துக்குச் சுமக்கும் சந்தூக்குப் பெட்டியை இறக்கி வைத்திருந்தார்கள். பெட்டிக்குள் அபுதாகிர். இருபத்திரண்டு வயது, ஏசி மெக்கானிக். நேற்று வண்டியூரில் வேலை முடித்துத் திரும்பும்போது ரிங் ரோட்டில் லாரி அடித்துவிட்டது. ஆஸ்பத்திரியில் அறுத்துத் தைத்துக் கொடுக்க இன்று பத்து மணி ஆனது.

"அது பேரு சபுராதான் ஹஜ்ரத். லுஹர் தொழுகைக்கு நேரமாச்சு, தூக்கலாம்," என்றார் அவளுடைய அண்ணன் சிக்கந்தர்.

இத்தனை வருஷத்தில் அண்ணன் வாயிலிருந்து அவள் பேர் வந்தது இன்றுதான். அதுவும் 'அது' என்று.

ஹஜ்ரத் இந்தப் பள்ளிவாசலுக்குத் தொழுகை நடத்தப் புதிதாக வந்தவர். "தாயார் வாயால கேட்டுக்கிறேன். தல்கீனுக்கு வேணும்," என்றார்.

சபுராவுக்குத் தெரியும். மண்ணைத் தள்ளி மூடிய பிறகு தலைமாட்டில் நின்று, இன்னாளின் மகனே என்று பெற்றவள் பேரைச் சொல்லி அழைப்பார்கள். வானவர்களான மலக்குகள் குழிக்குள் வந்து கேள்வி கேட்டால் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று நினைவூட்டுவார்கள். அந்த இடத்தில் தகப்பன் பேர் யாருக்கும் வேண்டாம்.

அபுதாகிருக்குத் தகப்பன் பேர் எங்குமே இருந்ததில்லை.

திருப்பூர் பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போனவள் கைக்குழந்தையோடு வந்து இறங்கியபோது இதே சந்தில்தான் கூட்டம் கூடியது. "அத்தா மானஸ்தரு. அம்மா ஒரு சொல்லுக்கு இடம் வைக்காதவ. நீ மட்டும் ஏன்டி இப்படிப் போன?" என்று அண்ணன் கத்தினார். அவள் பிள்ளையை மார்போடு இறுக்கிக்கொண்டு நின்றாள்.

பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோதும் தகப்பன் பேரைக் கேட்டார்கள். தலைமையாசிரியை ஒரு கன்னியாஸ்திரி. சபுரா தலைகுனிந்து நிற்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "எங்க மாதாவுக்குத் துணையா சூசையப்பர்னு ஒருத்தராவது இருந்தார். உங்க வேதத்துல மரியம் தனியாத்தானேம்மா பிள்ளையைத் தூக்கிட்டு வர்றாங்க?" என்று கேட்டார். சபுரா தலையாட்டினாள். சிஸ்டர் 'ச. அபுதாகிர்' என்று எழுதிக்கொண்டார்.

ஐந்தாம் வகுப்பில் ஒருநாள் உதடு கிழிந்து வந்து நின்றவன், "எனக்கு மட்டும் ஏன்மா உன் இனிஷியல்?" என்றான்.

"ஈஸா நபிக்கும் அம்மா பேருதான்த்தா. மரியமின் மகன் ஈஸான்னுதான் ஓதுறோம். குர்ஆன்ல அல்லாவே பேர் சொல்லிச் சொன்ன பொம்பளை அவங்க ஒருத்தங்கதான்."

அதற்குப் பிறகு அவன் கேட்டதே இல்லை. இனிஷியலைச் சத்தமாகச் சொல்வான்.

"அம்மா…" என்றார் ஹஜ்ரத் மறுபடியும்.

சபுரா என்று சொன்னால் முடிந்தது. அவனுக்குத் தெரிந்ததும் அந்த ஒரு அம்மாதான். வேறு பேர் சொல்லி அழைத்தால் தன்னைத்தான் என்று அவனுக்குப் புரியுமா? ஆனால் கேள்வி கேட்க வருகிறவர்களுக்கு எல்லாம் தெரியும். முதல் வார்த்தையே பொய்யாக இருந்து, பிள்ளை அங்கே திணறி நின்றால்?

உள்ளே பெண்களுக்கு நடுவில் அவள் தங்கை ஜொகரா மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். வில்லாபுரத்தில் வாழ்க்கைப்பட்டவள். அவள் புருஷன் வெளியே சந்தூக்கின் ஒரு காலைப் பிடித்தபடி நின்றிருந்தார்.

சபுரா கதவை இன்னும் கொஞ்சம் திறந்தாள்.

"அண்ணனைத் தள்ளி நிக்கச் சொல்லுங்க ஹஜ்ரத்."

சிக்கந்தர் முணுமுணுத்துக்கொண்டே நகர்ந்தார். ஹஜ்ரத் தரையைப் பார்த்தபடி காதைக் கொடுத்தார்.

"ஜொகரா," என்றாள், அவர் காதுக்கு மட்டும் எட்டும்படி. "அவன் ஜொகராவோட மகன். நான் வளத்தவ. அங்க சத்தமாக் கூப்பிட்டுறாதீங்க. அவனுக்கு மட்டும் கேட்டாப் போதும்."

ஹஜ்ரத் நிமிர்ந்தார். அவள் முகத்தை ஒரு கணம் பார்த்தார், உடனே கண்ணைத் தாழ்த்திக்கொண்டார்.

திருப்பூருக்கு அக்காளும் தங்கையும் சேர்ந்துதான் போனார்கள். பிள்ளையைப் பெற்றபோது ஜொகராவுக்குப் பதினேழு. உடம்பு தேறியதும் தங்கையைத் தனியாக ஊருக்கு பஸ் ஏற்றிவிட்டாள் சபுரா. நாலு மாசம் கழித்துப் பிள்ளையோடு தான் வந்து சேர்ந்தாள். இன்றுவரை எந்த ஆணின் கையும் அவள்மேல் பட்டதில்லை.

"என்னோட போகும்மா இந்தப் பேரு," என்றார் ஹஜ்ரத்.

கலிமா சொல்லிக்கொண்டு சந்தூக்கைத் தூக்கினார்கள். சந்து திரும்பி அது மறையும்வரை சபுரா நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஜொகரா பின்னால் வந்து அவள் தோளைப் பற்றினாள்.

"அக்கா, ஹஜ்ரத் என்னமோ கேட்டாரே… நீ யாரு பேரைச் சொன்ன?"

சபுரா திரும்பிப் பார்க்கவில்லை.

"என் பேரைத்தான்."

ஜொகரா அடக்கிவைத்திருந்த மூச்சை விட்டாள். அந்த மூச்சு சபுராவின் பிடரியில் சூடாகப் பட்டது.