படகு நம்பர்

"எம் போனு, நான் வச்ச நம்பரு. அத்த மாத்திட்டு, போனையும் தூக்கினு வேலைக்குப் பூட்டா யக்கா. இது இன்னா நாயம்?"

காலையிலிருந்து மூன்றாவது தடவை. வார்த்தை மாறாமல் அதையே சொன்னாள் கீழ் வீட்டு புஷ்பவல்லி. காசிமேட்டில் மீன் விற்பவள். ஏலத்தில் கத்துகிற குரலை அங்கேயே விட்டுவிட்டு வரும் பழக்கம் அவளுக்கு இல்லை.

"முதல்ல உட்காரு. உன் மருமக எப்போ மாத்தினா?"

"நேத்து காலையில. படகு நம்பரைப் போட்டுப் போட்டுப் பாக்கறேன், தொறக்கல. இன்னாடின்னு கேட்டா, அப்பறம் சொல்றேன் அத்தைன்னு புடுங்கினு பூட்டா. இன்னிக்கும் தரல."

காசிமேட்டில் பாதிப் பேருக்குப் போன் பூட்டுக்கும் படகு நம்பர்தான், பணம் அனுப்பவும் படகு நம்பர்தான். மறக்காதாம். எப்படி மறக்கும்? படகின் முகப்பில் முழ உயரத்துக்குப் பெயிண்டில் எழுதியிருக்கிறதே.

"துறைமுகத்துக்கே தெரிஞ்ச நம்பரையா பூட்டுக்கு வைப்பாங்க புஷ்பா?"

"நீ இன்னா, அவ கட்சியா?"

"இல்ல. அடுத்தவங்க பொருளைக் கேக்காம எடுத்தா அதுக்குப் பேர் வேற. எங்க ஸ்கூல் சிஸ்டருங்க அதைத்தான் முதல்ல சொல்லித் தருவாங்க."

அவளுக்கு அது போதுமாக இருந்தது.

"சனிக்கெழம எம் புள்ள டில்லிபாபு கரைக்கு வரட்டும். உம் பொண்டாட்டியை எண்ணூர்ல அவ அம்மா வூட்லயே வுட்டுட்டு வாடான்னு சொல்லப் போறேன். நீயும் ஒரு வார்த்த சொல்லு யக்கா. நீ சொன்னா கேப்பான்."

சொல்கிறேன் என்றேன்.

எனக்கும் அந்த மருமகள் நர்மதா மேல் எரிச்சல்தான். நேற்று சாயங்காலம் இரண்டு முறை என் கதவைத் தட்டினாள். மாமியார் புராணம் பாட வந்திருப்பாள் என்று, "அடுப்புல வேலை இருக்கும்மா" என்று உள்ளேயிருந்தே அனுப்பிவிட்டேன். இரண்டு முறை போன் செய்தாள், கட் செய்தேன். என் போனே இரண்டு நாளாகச் சூடாகி, மதியத்துக்குள் சார்ஜ் தீர்ந்து, உயிரை வாங்கிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் காட்டுப்பள்ளி கம்பெனி வேனிலிருந்து இறங்கியவள் நேராக மாடிக்கே வந்தாள். மாமியார் கையில் போனை வைத்தாள்.

"சரியாயிடுச்சு அத்தை. புது நம்பரைக் காதுல சொல்றேன்."

"காதுல இன்னாத்துக்கு? யக்கா எதிர்லயே சொல்லு."

"யார் எதிர்லயும் சொல்லக் கூடாது."

"பாத்தியா யக்கா, எப்டி பேசறான்னு?"

"ஏம்மா, கேட்டுட்டு எடுத்துட்டுப் போனா என்ன?" என்று நான் ஆரம்பித்தேன்.

நர்மதா மாமியாரைப் பார்த்தே பேசினாள். "செவ்வாக்கெழம ஒரு கல்யாணப் பத்திரிகை வந்துச்சே அத்தை, தொட்டேன், தொறக்கலன்னீங்களே. அது பத்திரிகை இல்ல. போனுக்குள்ள உக்காந்துகினு, பேங்க்லேர்ந்து வர்ற மெசேஜையெல்லாம் எவனுக்கோ அனுப்பிகினு இருந்துச்சு. எங்க ஆபீஸ்ல போன மாசம்தான் இதைப் பத்தி வகுப்பு எடுத்தாங்க. அதை எடுத்துட்டு, பேங்க்ல சொல்லி, எல்லா நம்பரையும் மாத்தினேன்."

புஷ்பவல்லியின் குரல் முதல் தடவையாக இறங்கியது. "மீன்புடி தடைக்காலத்துக்கு கவுருமெண்டு குடுத்த காசு?"

"அப்டியே கீது."

"அத்த நேத்தே சொல்றதுக்கு இன்னாடி?"

"சொன்னா, யார் அனுப்பினதுன்னு கேப்பீங்க."

"கேக்க மாட்டேனா? நான் எங்க பேரைப் பாத்தேன், பூ போட்டு கல்யாணம்னு இருந்துச்சு, தொட்டேன். யாரு அது?"

"அதை அழிச்சிட்டேன் அத்தை."

நான் விடுவேனா? "எவனா இருந்தா என்ன? கண்டதையும் தொடறது, அப்புறம் அது ஊர் பூரா போறது. படிக்காதவங்க கையில போனைக் குடுத்தா இப்படித்தான். என் போன்ல இந்தக் குப்பையெல்லாம் பார்த்திருக்கியா?"

"உங்க போன் சூடாவுதா ஆன்ட்டி?"

"அது எப்படி உனக்குத் தெரியும்?"

"கொஞ்சம் குடுங்க. பூட்டு நம்பர்?"

மெதுவாகச் சொன்னேன். என் வீட்டுக்காரர் ஸ்கூட்டர் நம்பர். ஸ்கூட்டர் வாசலில்தான் நின்றுகொண்டிருந்தது. நர்மதா சிரிக்கவில்லை.

முதலில் நெட்டை நிறுத்தினாள். பிறகு மாமியாருக்கு முதுகைக் காட்டி நின்று, எனக்கு மட்டும் திரையைக் காட்டினாள்.

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்று பத்து. பூ போட்ட கல்யாணப் பத்திரிகை. என் போனிலிருந்து, என் பெயரில், அறுபத்து நான்கு பேருக்குப் போயிருந்தது. அதில் ஒருத்தி புஷ்பவல்லி.

அன்று எனக்கும் ஒன்று வந்தது. தொட்டேன். திறக்கவில்லை. நெட் சரியில்லை என்று விட்டுவிட்டேன்.

"இதுக்குத்தான் நேத்து தட்டினேன்," என்றாள், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "என் போன்லேர்ந்து இப்பவே உங்க பேங்க்குக்குப் பேசிடுங்க."

பிறகு சத்தமாக, "ஒண்ணும் இல்ல அத்தை. ஆன்ட்டி போன்ல பேட்டரி வீக்கு."

புஷ்பவல்லி எழுந்தாள். மருமகள் தோளிலிருந்த பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். வாசல்படி வரை போனவள் நின்று திரும்பினாள்.

"யக்கா, நீ இங்கிலீசு படிச்சவ. அத்த அனுப்பின பேமானி யாருன்னு கண்டுபுடிச்சுக் குடு. தெருவுல நிக்க வச்சு நாலு வார்த்த கேக்கணும்."

நர்மதா குனிந்து செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னா யக்கா? கண்டுபுடிச்சுக் குடு யக்கா."