அம்பை அணைத்துவிட்டு வந்த மாப்பிள்ளை

போக வேண்டிய இடத்தைக் காட்டும் மஞ்சள் அம்பு ஒன்று எல்லோருடைய கண்ணிலும் மிதந்துகொண்டிருந்த காலம். மன்னார்குடி யாழ்நிலா ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். பெண் பார்க்க வரும் பையன் பேருந்து நிலையத்திலேயே அம்பை அணைத்துவிட வேண்டும். ஞாயிறு நாலரைக்கு ராகு காலம் தொடங்குவதற்குள் வீட்டைக் கண்டுபிடிக்காவிட்டால் சம்பந்தம் கிடையாது.

பையனின் பெற்றோர் அம்பின் பின்னாலேயே மூன்று மணிக்கு வந்து, சொஜ்ஜியையும் பஜ்ஜியையும் முடித்துவிட்டார்கள். யாழ்நிலா வாசலில் போய் நின்றுகொண்டாள்.

மூன்றே முக்காலுக்கு வியர்த்து வழிய வந்தான் செழியன்.

"ஏங்க, யாழ்நிலா வீடு எதுங்க?"

அவள் கூசாமல் குளக்கரைப் பக்கம் கைகாட்டினாள். அவனும் போய்விட்டான். போன பிறகுதான் அவளுக்குத் திக்கென்றது. நாலே கால் ஆயிற்று. ஆளைக் காணோம்.

நாலு இருபத்தெட்டுக்குக் கையில் ஒரு பொட்டலத்தோடு திரும்பி வந்தான்.

"அங்க உங்க வீடு இல்லைங்க. ஆனா வாழைப்பூ வடை பிரமாதம்."

"நான்தான் பொண்ணுன்னு எப்ப தெரிஞ்சுது?"

"முதல்லயே. போட்டோ பாத்திருக்கேனே."

"அப்புறம் எதுக்குப் போனீங்க?"

"அவ்வளவு தைரியமா பொய் சொன்னீங்க. அந்தப் பக்கம் என்னதான் இருக்குன்னு பாக்கணும்போல இருந்துச்சு."

உள்ளேயிருந்து அம்மா கத்தினாள். "நாலரை ஆகப்போவுது! பையன் வந்தாச்சாடி?"

யாழ்நிலா பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டாள்.

"வடை எனக்கு. நீங்க வலது காலை எடுத்து வச்சு உள்ள வாங்க."