வலது கைக் கொடி

“யார் கையைப் பார்த்துக் குத்தணும்? நீதான் கேட்கணும். இவங்க சொல்லக் கூடாது.”

பச்சை குத்தும் அக்கா மூன்று ஊசிகளைச் சேர்த்து நூலால் கட்டியபடியே கேட்டாள். எதிரே கல்யாணப் பெண். பக்கத்து நாற்காலியில் அவளுடைய சித்தி, அப்பாவின் இரண்டாம் மனைவி, உட்கார்ந்திருந்தாள்.

கல்யாணத்துக்கு ஒரு வாரம்தான் இருந்தது. அவர்கள் வழக்கத்தில், அம்மாவின் கையில் இருக்கும் பச்சையை மகள் தன் கையில் வாங்கிக்கொள்வாள். அவளாகக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். யாரும் திணிக்கக் கூடாது.

“எங்கம்மா கையில இருந்ததுதான் வேணும். இல்லேன்னா வெறுங்கையாவே இருந்துட்டுப் போறேன்” என்றாள் பெண்.

அம்மா இறந்தபோது அவளுக்கு ஐந்து வயது. அந்தக் கையின் சூடு நினைவிருந்தது, கோடுகள் நினைவில்லை. வீட்டில் இருந்த ஒரே போட்டோவை எடுத்து நீட்டினாள். அதில் அம்மா எப்போதும் போடும் முழுக்கைச் சட்டைக்கு வெளியே, மணிக்கட்டில் ஏதோ ஒரு நுனி மட்டும் தெரிந்தது.

போட்டோவைப் பார்த்துக் குத்துவதில்லை, உயிரோடு இருக்கும் கையைப் பார்த்துத்தான் குத்துவேன் என்று அக்கா கறாராகச் சொல்லிவிட்டாள். பெண் போட்டோவை வாங்கி மடியில் கவிழ்த்து வைத்தாள்.

“ஏன், சித்தி கை இருக்கே?” என்றாள் அக்கா.

எல்லாருக்கும் ஒரு கையில்தான் பச்சை. சித்திக்கு மட்டும் இரண்டு கையிலும். இடது கையில் அவள் அம்மா வழி வந்தது. வலது கையில் ஒரு கொடியும் ஏழு புள்ளிகளும். அழகுக்குக் குத்திக்கொண்டாளாம் என்று சொந்தக்காரர்கள் ஓயாமல் கேலி செய்வார்கள். இவளும் சின்ன வயதில் அதற்குப் ‘புழு’ என்று பட்டம் வைத்திருந்தாள். சித்தி எல்லாவற்றையும் சிரித்தே மழுப்பிவிடுவாள்.

“சித்தி தங்கமானவங்கதான். ஆனா அந்தப் புழு எனக்கு வேண்டாம்.”

சித்தி வழக்கம்போலச் சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை. ஊசிகளைக் கீழே வைத்துவிட்டு, சித்தியின் வலது கையை ஜன்னல் வெளிச்சத்துக்கு இழுத்தாள்.

“அம்மா கையில இருந்தது வேணும்னு நீயே கேட்டுட்டே. இனி நான் சொல்லலாம். உங்கம்மா ஆஸ்பத்திரியில கிடந்தப்போ, தன்கூடத் தையல் வேலை பார்த்த இவங்களைக் கூப்பிட்டு, தன் கையைப் பார்த்து இவங்க கையில என்னைக் குத்தச் சொன்னா. ‘பாப்பா ஊசி தாங்க மாட்டா, அவ கேட்கிறவரைக்கும் நீ வெச்சிரு’ன்னா.”

“பதினாறு வருஷமா பத்திரமா வெச்சிருக்கேன். உன் புழுவை எடுத்துக்கோடி” என்று சித்தி கையை நீட்டினாள்.