கிணற்றடியில் முளைத்த இரண்டு

கிணற்றடி ஈரத்தில் யாரும் நடாத இரண்டு கன்றுகள் முளைத்திருந்தன. இரண்டும் ஆளுக்கொரு ஒற்றை இலையை நீட்டிக்கொண்டு ஒரே மாதிரி நின்றன. ஈச்சையா, பனையா, பாக்கா? தோட்டத்து அணிலுக்கு அது தெரிந்தே ஆகவேண்டும்.

"நீ என்ன மரம்?" என்று இரண்டில் சற்றே பெரிய கன்றிடம் கேட்டது.

"எனக்கே இன்னும் தெரியலை அண்ணே. நாலு இலை விட்ட பிறகு கேளுங்க."

அதுவரை யார் காத்திருப்பது? அன்று மத்தியானமே அணில் மண்ணைத் தோண்டியது. "வலிக்குது அண்ணே" என்று கன்று அழுதது அதன் காதில் ஏறவில்லை. அடியில் இருந்த கொட்டையைக் கவ்வி வெளியே இழுத்துப் போட்டது. நீளக் கொட்டை, நடுவில் ஒரு கோடு.

"ஈச்சை! ஈச்சையேதான்!" என்று மதில் முழுக்க ஓடி ஓடிச் சொன்னது.

மூன்றாம் நாள் ஈச்சங்கன்று காய்ந்து கிடந்தது. அணில் அதன் பக்கத்திலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தது. பிறகு சின்னக் கன்றிடம் போனது. அது நடுங்கியது.

"பயப்படாதே. உன்னை நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்."

அன்றிலிருந்து அணில் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. ஒரு காலையில் பக்கத்து வீட்டுக் கோழி வந்தது.

"இது என்ன கன்று? கொஞ்சம் கிளறிப் பார்க்கட்டுமா?"

அணில் வாலைச் சிலிர்த்துக்கொண்டு குறுக்கே பாய்ந்தது.

"என்ன கன்றுன்னு எனக்கும் தெரியாது. காலை எடு அந்தப் பக்கம்!"