நீலத்துக்கு அடியில்

"கத்தியைத் திருப்பிப் பிடி. கூர்ப் பக்கத்தால சுரண்டினா மரம் போயிடும். அதுகூடவா மறந்துட்டே?"

அண்ணன் சொன்னதும் தங்கை கத்தியைத் திருப்பிப் பிடித்தாள். கத்தியின் முதுகு அம்பில் உரசிய இடத்தில் நீலப் பெயின்ட் பொடிப்பொடியாக உதிர்ந்து அவள் மடியில் விழுந்தது. தும்மினாள்.

"பாதி நீலம் உன் மூஞ்சியிலதான் இருக்கு," என்று சிரித்தான் அண்ணன். "மீசை முளைச்ச மாதிரி."

"பழைய பெயின்ட் பொடியாத்தான் வரும். பெயின்டுக்கும் வயசானா எலும்பு தேஞ்சிடும்னு அப்பா சொல்வாரே."

அப்பா என்றதும் இருவரும் குனிந்து வேலையைப் பார்த்தார்கள்.

அப்பா போய் மூன்று மாதம் ஆகிறது. அவர் வில்வித்தை சொல்லிக்கொடுத்த கிளப்பில், அவர் கையால் செய்த அம்புகளைச் சுவரில் மாட்டக் கேட்டிருந்தார்கள். உரிந்துபோன பெயின்ட்டை எடுத்துவிட்டு, எண்ணெய் பூசித் தர வேண்டும். "நீயும் வா, சேர்ந்து செய்யலாம்" என்று அண்ணன் கூப்பிட்டதால், வீட்டைவிட்டுப் போன பிறகு முதல் முறையாக அவள் இந்தப் பின்னறையில் வந்து உட்கார்ந்திருந்தாள்.

இந்த அம்புகள் ஒரு காலத்தில் அவளுடையவை. இலக்குப் பலகையில் தைத்திருப்பது யார் அம்பு என்று தெரிய, இறகுக்குக் கீழே ஆளுக்கொரு நிறத்தில் வளையம் போடுவார் அப்பா. அவளுக்கு மஞ்சள். அண்ணனுக்கு நீலம். மனதுக்குப் பிடித்தவனோடு அவள் போன அன்று சாயங்காலமே, மஞ்சளையெல்லாம் சுரண்டி எடுத்துவிட்டு, நீலம் பூசி அண்ணன் கையில் கொடுத்துவிட்டார்.

"போயும் போயும் உன்கிட்ட கொடுத்தார் பாரு," என்றாள் தங்கை. "பலகையைத் தவிர மத்த எல்லாத்தையும் அடிப்பியே நீ."

"பக்கத்து வீட்டுத் தண்ணித் தொட்டியை ஒரு தடவைதான் அடிச்சேன்."

"ரெண்டு தடவை," என்று சமையலறையிலிருந்து அண்ணியின் குரல் வந்தது. "கல்யாணத்துக்கு அப்புறம் ஒண்ணு. போய் மன்னிப்புக் கேட்டது நான்."

தங்கை சிரித்தாள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள், இத்தனை நேரம் தொண்டையில் வைத்திருந்ததைக் கேட்டுவிட்டாள்.

"கடைசியில என்னைப் பத்தி ஏதாவது கேட்டாராண்ணா?"

அண்ணன் ஓர் அம்பை எடுத்து, வளைந்திருக்கிறதா என்று கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

"அவருக்குப் பேச்சே வரலைம்மா."

"பேச்சு இருந்தப்போ?"

அவன் அந்த அம்பை வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தான். அவளும் கத்தியை மறுபடி கையில் எடுத்தாள்.

ஒவ்வொரு அம்பிலும் நீலம் உதிர்ந்தது. அடியில் வெறும் மரம். ஒரு நிறத்தின்மேல் இன்னொரு நிறம் பூசுவது அப்பாவுக்கு ஆகவே ஆகாது. பழையதை அடிவரை எடுத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்த பிறகுதான் புதியதைத் தொடுவார்.

"எவ்வளவு சுத்தமா எடுத்திருக்கார் பாரேன்," என்றாள் தங்கை. "ஒரு பொட்டு மஞ்சள்கூட மிச்சம் வைக்கல. நான் இந்த வீட்டுல பொறக்கவே இல்லைங்கிற மாதிரி."

அண்ணன் எழுந்து போய் அலமாரியிலிருந்து இன்னோர் அம்பை எடுத்து வந்தான்.

"இது ஒண்ணுதான் பாக்கி. நீயே எடு. ஜன்னல் பக்கம் வெச்சு எடு, கண்ணுக்குத் தெரியட்டும்."

கத்தியை வைத்து ஒரே இழுப்பு. நீலம் விலகியது. அவள் கை அப்படியே நின்றது.

"அண்ணா... மஞ்சள்."

அண்ணன் எட்டிப் பார்த்தான். "அட, ஆமா! இதை மட்டும் சுரண்ட மனசு வரல போல. மேல நீலத்தைப் பூசி மறைச்சு வெச்சிருக்கார். அப்பாவைப் பத்தி உனக்குத் தெரியாதா? வாய்விட்டுச் சொல்ற ஆளா அவர்? கோபமெல்லாம் சும்மா வெளியிலதான்." மூச்சுவிடாமல் சொல்லி முடித்தான்.

அவள் அந்த அம்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதாள். தோளைத் தொடப் போன அண்ணனை, வாசற்படியில் வந்து நின்ற அண்ணி தடுத்தாள். "அழட்டும், விடுங்க."

வெகுநேரம் கழித்து அண்ணன் கேட்டான். "இதைக் கிளப்புக்குக் கொடுக்க வேண்டாம். நீயே வெச்சுக்கோ. இப்ப மனசு ஆறிச்சா?"

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பையனைப் போல நின்றுகொண்டிருந்தான்.

"ஆறிடுச்சுண்ணா. அப்பா என்னை மன்னிச்சுட்டார்."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு எண்ணெய் எடுத்துவரப் போனான். அண்ணி துடைப்பத்தோடு வந்தாள்.

"கொடுங்க அண்ணி, நான் கூட்டறேன்."

தரையெங்கும் கிடந்த நீலப் பொடிக்கு நடுவே, கடைசி அம்பிலிருந்து விழுந்த நீலம் மட்டும் ரிப்பன் போல நீளமாகச் சுருண்டு கிடந்தது. எடுத்து விரலில் சுற்றிப் பார்த்தாள். உடையாமல் வளைந்தது, வாசனைகூட இன்னும் போகாத புதுப் பெயின்ட்.

அண்ணன் திரும்பி வருவதற்குள் அதைக் கைக்குள் பத்திரமாக மூடிக்கொண்டு, அப்பாவின் பொடியை மட்டும் கூட்டி அள்ளினாள்.