விளங்காத கதை

துறைமுக வேலை முடிந்து வந்த யோகலிங்கம் வாசலிலேயே நின்று மனைவியை உற்றுப் பார்த்தான். விட்ட குடியை மறுபடி தொட்டுவிட்டான் என்று கனகமணிக்குப் பட்டது.

“திரும்பவும் குடிச்சிருக்கிறீங்களோ?”

“என்ன மணி சொல்றாய்? விளங்கேல்லையே.”

“குடிச்சனீங்களோ எண்டு கேக்கிறன்!”

“ஒரு சொல்லும் விளங்கேல்லை. எங்க, ஒருக்காச் சிரி பாப்பம்.”

குடிவெறியில் பகிடி விடுகிறான் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோபத்தை அடக்கத் தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்தாள். ஆத்திரத்தில் அதுவும் சட்டையில் சிந்தியது.

அவன் அவளைத் தாங்கிக்கொண்டு போய்த் தெருவில் நின்ற ஆட்டோவில் ஏற்றினான்.

“ஆஸ்பத்திரிக்கு விடுங்கோ தம்பி, கெதியா! என்ர அம்மாவுக்கும் இப்பிடித்தான் துவங்கினது.”

அவனைத் திட்டியபடியே கனகமணி சாரதிக்கு முன்னாலிருந்த கண்ணாடியைப் பார்த்தாள். அதில் தெரிந்த முகத்தில் வாய் வலப்பக்கம் தொங்கியது. அந்த ஓரத்தால் எச்சில் வடிந்துகொண்டிருந்தது. அது அவளுடைய முகம்.

“மூளைக்குப் போற இரத்தக் குழாய் அடைபட்டிருக்கு. நேரத்தோட கொண்டுவந்திட்டீங்கள், காப்பாத்தலாம்,” என்றார் டொக்டர்.

கட்டிலில் கிடந்தபடி அவள் கணவனிடம் மன்னிப்புக் கேட்டாள். வாயிலிருந்து வெறும் குழறல்தான் வந்தது. யோகலிங்கத்துக்கு அது விளங்கவில்லை. ஆனாலும் “ஓம், ஓம்” என்று சொல்லி அவளுடைய கையை இறுகப் பிடித்துக்கொண்டான்.